வெறும் வண்டியின் எடை

என் அக்காவுக்கு நாற்பத்திரண்டு லாரிகளின் எடை மனப்பாடம். கல் ஏற்றிய எடை இல்லை, வெறும் வண்டியின் எடை. நம்பர் பலகையில் இருக்கும் கடைசி நான்கு எண்ணைச் சொன்னால் போதும். ஏறிட்டுப் பார்க்காமலே கிலோவில் சொல்லிவிடுவாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் மூன்று வருடம் படித்ததில் எதுவும் அவளுக்கு அந்த எண்கள் நிற்பதுபோல எனக்கு நிற்கவில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

கல் குவாரிக்குப் போகும் சாலையின் முனையில் எடைமேடை இருக்கிறது. தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புத் தளம். அதை ஒட்டி ஓர் அறை. உட்கார்ந்து காலை நீட்டினால் எதிர்ச்சுவர் இடிக்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி, தள்ளித் திறக்கிற ஜன்னல். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை அக்கா அங்கேதான். லாரி மேடையில் ஏறும்போது அறை ஒரு தரம் குலுங்கும், இறங்கும்போது இன்னொரு தரம். ஒரு நாளைக்கு நூற்றைம்பது லோடு போகும். "வீட்டுக்கு வந்து படுத்தாலும் கட்டில் ஆடுது" என்பாள். கீபோர்டைத் துடைத்து ஐந்து நிமிடத்தில் அதன்மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். தலையிலும் அதே பொடிதான். "குளிக்கிற வரைக்கும் எனக்கு அறுபது வயசு, குளிச்சா நாப்பது" என்று அவளே சொல்லிக்கொள்வாள். உண்மையில் அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு.

எங்கள் அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். அவருக்குத் தோள்தான் தராசு. மூட்டை தோளில் விழுந்ததுமே எத்தனை கிலோ குறைகிறது என்று சொல்லிவிடுவாராம். அவர் இடுப்பு விட்டுப்போய்ப் படுத்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது, எனக்கு இரண்டு. அக்கா குவாரியில் குடிதண்ணீர் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்தாள். பிறகு சீட்டுக் கிழித்தாள். பிறகு இந்த நாற்காலி. நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் எழுதப் போவதில்லை. என்னைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனவளும் அவள்தான். அங்கே இருந்தவர் தாயார் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதிவிட்டு, பிறகு அடித்துத் திருத்தினாராம்.

எடைமேடைக் கணக்கு சின்னப் பிள்ளைக்கும் புரியும். கல் ஏற்றிய லாரியின் எடையிலிருந்து வெறும் லாரியின் எடையைக் கழித்தால் மிச்சம் கல்லின் எடை. வெறும் லாரியைத் தினமும் காலையில், முதல் லோடுக்கு முன்னால், மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதுதான் விதி. ஆனால் நாற்பத்திரண்டு லாரியும் ஆறு மணிக்கே வந்து நின்றால் வரிசை பெரிய சாலை வரை போகும். பின்னால் வருகிறவர்களெல்லாம் ஹாரன் அடிப்பார்கள். ஒரு மழைநாளில், பத்து வண்டி சேற்றில் சிக்கி நின்றபோது, அக்கா முதல்முதலாக வெறும் வண்டியின் எடையை ஞாபகத்திலிருந்து அடித்து விட்டாள். அது சரியாக இருந்தது. மறுநாளும் அடித்தாள். ஆறு வருடத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது.

மேனேஜருக்கு அதில் பெருமை. யாராவது பெரிய மனிதர் வந்தால் ஜன்னலுக்குக் கூட்டிவந்து, "ஏம்மா, இருபத்தேழு முப்பத்தொண்ணு?" என்று கேட்பார்.

"பத்தாயிரத்து இருநூத்திப் பத்து சார்" என்பாள் அக்கா.

"பாத்தீங்களா? கரண்ட் போனாலும் எங்க தராசு நிக்காது."

டிரைவர்களும் சந்தோஷமாக இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ரேடியோ என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு, யாருக்கும் ஞாபகமில்லை. வண்டி மேடையில் நிற்கிற அரை நிமிடத்துக்குள் அரை நாள் செய்தி சொல்லக்கூடியவர்.

"அக்கா, நேத்து பங்க்குல ஒருத்தன் என்னைப் பாத்து அண்ணேங்கிறான். அவன் தலையில ஒத்த முடி இல்ல. நான் அவனுக்கு அண்ணனாம்."

"முன்னாடி நகருப்பா. பின்னாடி ஆறு வண்டி நிக்குது."

"நகர்றேன், நகர்றேன். மனுசன ஒரு வார்த்தை பேச விடமாட்டீங்களே."

ஒரு வார்த்தை என்பார். மைத்துனர் வீடு மாற்றிய கதை, புதுச் செருப்பு கடித்த கதை, லாரித் தளம் ஓட்டையாகி அதன்மேல் கனமான இரும்புத் தகடு அடித்த கதை, அடித்த வெல்டருக்குக் கண் சிவந்து இரண்டு நாள் வீட்டில் படுத்த கதை, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கும். அக்கா "ம்" என்பாள், சீட்டை நீட்டுவாள். வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் நாம் அதற்கு என்ன செய்வோமோ அதுதான்.

நான் கடைசித் தேர்வுக்காக விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்திருந்த வாரத்தில்தான் அது நடந்தது. மேனேஜர் ஒரு கட்டுச் சீட்டுகளோடு ஜன்னலுக்கு வந்தார். எங்கள் கல்லை வாங்குகிற கான்கிரீட் ஆலையிலிருந்து வந்த சீட்டுகள். அங்கேயும் ஒரு எடைமேடை உண்டு. அங்கே கல் கொட்டியதும் வெறும் வண்டியை மறுபடியும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

"ஏம்மா, ரேடியோ வண்டியப் பாரு. இங்க நீ அடிச்ச எடைக்கும் அங்க எறங்குற கல்லுக்கும் ஒவ்வொரு லோடுக்கும் முன்னூறு கிலோவுக்கு மேல வித்தியாசம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மூணு மாசமா."

"மத்த வண்டிங்க சார்?"

"மத்ததெல்லாம் பத்து கிலோ, இல்லன்னா அதுவும் இல்ல. போற வழியில சிந்துறதுதான். இவன் எங்கயோ நிறுத்திக் கொட்டிட்டுப் போறான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற ஆளு. இத்தனை நாளு வாயாலயே நம்மள ஏமாத்திருக்கான்."

அக்கா எட்டி மேல் சீட்டைப் பார்த்தாள்.

"உன் சீட்டெல்லாம் சுத்தமா இருக்கு. நீ ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க?" என்று சொல்லிவிட்டு, கட்டை மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

ரேடியோவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மனிதர் ஒரு மணி நேரம் பேசினார். வழியில் எங்கெங்கே நிற்பேன், எந்தக் கடையில் டீ குடிப்பேன், கடைக்காரர் மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்பது வரை சொன்னார். பேசப் பேசச் சந்தேகம்தான் கூடியது. சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையிலிருந்து அவர் எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். அக்காவின் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். யாரிடமும் பேசவில்லை. கையில் இருந்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. "பேசாத ரேடியோவ அன்னிக்குத்தான் பாத்தேன்" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

அன்று மதியம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அந்தச் சீட்டுக் கட்டைப் பிரித்தாள். தன் நகல்களையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தாள். முன்னூற்று இருபது. முன்னூற்றுப் பத்து. முன்னூற்று இருபது. முன்னூற்று முப்பது. மறுபடியும் முன்னூற்று இருபது. எங்கள் எடைமேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. எல்லாவற்றையும் பத்துப் பத்தாகத்தான் காட்டும். அதைத் தள்ளிவிட்டால் எல்லா லோடிலும் ஒரே வித்தியாசம். திருடுகிறவன் ஒரு நாள் அரை டன் கொட்டுவான், ஒரு நாள் பயந்துபோய்ச் சும்மா இருப்பான். மூன்று மாதமும் மாறாமல் முன்னூற்று இருபது கிலோ திருட வேண்டுமென்றால் அவனும் கூடவே ஒரு தராசு கொண்டுபோக வேண்டும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வெல்டரின் சிவந்த கண் ஞாபகம் வந்தது.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் அந்த லாரியை ஓட்டப் புது டிரைவர் வந்தார். அக்கா ஜன்னலைத் தள்ளி, "வெறும் வண்டிய மேடையில ஏத்துங்க" என்றாள்.

"எதுக்கு? உங்களுக்குத் தெரியாத எடையான்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஏத்துங்கண்ணே."

அறை குலுங்கியது. சிவப்பு எண்கள் ஓடி நின்றன. பத்தாயிரத்து எண்ணூறு. அவள் ஆறு வருடமாக அடித்துக்கொண்டிருந்தது பத்தாயிரத்து நானூற்று எண்பது. தகடு அடித்த நாளிலிருந்து வண்டி முன்னூற்று இருபது கிலோ கூடிப்போயிருக்கிறது. அவள் பழைய எடையையே கழித்துக் கழித்து, அந்த இரும்பையும் கல்லில் சேர்த்து எழுதியிருக்கிறாள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஏதாவது ஓர் எண்ணை அடித்தாக வேண்டும். பழைய எண்ணை அடித்தால் இன்றைக்கும் குறையும்; நாளைக்கு இந்தப் புது மனிதர் திருடர் ஆவார். புது எண்ணை அடித்தால் குறைச்சல் இன்றோடு நின்றுவிடும். டிரைவரை மாற்றிய அன்றே நின்றதென்றால் ரேடியோவின் திருட்டுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். தெரிந்துகொண்டே பொய் எடை அடிக்க விரல் வரவில்லை என்று பிறகு சொன்னாள். பத்தாயிரத்து எண்ணூறு என்று அடித்தாள்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. மாலை ஆறு மணிக்கு மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாத்தியாம்மா? ஆள மாத்துன அன்னிக்கே சரியாப் போச்சு. இன்னிக்குப் பத்து கிலோதான் வித்தியாசம். நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடலாம்னு முதலாளி சொல்லிட்டாரு. உன் சீட்டெல்லாம் நகல் எடுத்து வை."

அன்று வீட்டுக்கு வந்து குளிக்காமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அம்மா, "என்னடி, உடம்பு முடியலையா?" என்று கேட்டதற்கு, "முடியாம என்ன, எப்பவும் போலத்தான்" என்றாள். நான் எதிரே ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே வினைச்சொல்லை வைத்துப் பல பொருளில் வாக்கியம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி வரும். அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கேட்டாள். "டேய், எங்க கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் இருக்கு. டபிள்யூ, ஈ, ஐ, ஜி, எச். ஆறு வருசமா அமுக்குறேன். அதுக்கு எடைன்னுதானே அர்த்தம்?"

"நிறுக்கிறதுன்னு அர்த்தம்க்கா. வெய்னு சொல்லணும்."

"அவ்ளோதானா?"

பக்கத்தைத் தேடி வாசித்தேன். ஒரு பொருளை நிறுத்துப் பார்ப்பது. இவ்வளவு எடை இருப்பது. ஒரு முடிவுக்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது. வார்த்தையைப் பார்த்துப் பேசுவது.

"வார்த்தைய நாம அளக்குறோம், அவங்க நிறுக்குறாங்களா" என்றாள். பிறகு, "ரேடியோவும் அளப்பாரு. படிதான் கொஞ்சம் பெருசு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"இன்னொண்ணு இருக்குக்கா. ஒரு விஷயம் மனசப் போட்டு அழுத்துறதுக்கும் இதே சொல்லுதான். அப்புறம் கப்பல்ல நங்கூரத்தத் தூக்குறதுக்கும்."

"தூக்குறதுக்கா? எதுக்குத் தூக்குறாங்க?"

"தூக்குனாத்தானே கப்பல் போகும்."

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகுதான் எல்லாவற்றையும் எங்களிடம் சொன்னாள். மழைநாள், மனப்பாடம், வெல்டர், முன்னூற்று இருபது, எல்லாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொன்னா நாற்காலி போயிடுமாடி?"

"போகும்."

"இவன் பரீட்சை முடியட்டுமே" என்றார் அம்மா. கேட்கும்போதே அது சரியில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"நாளைக்கு ஸ்டேஷன்மா. இவன் பரீட்சை அடுத்த வாரம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள், கொடுத்தேன். நான்கு வரி எழுதினாள். இரண்டு தரம் அடித்து எழுதினாள். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம், என் கையெழுத்துலயே இருக்கட்டும்" என்றாள்.

காலையில் மேனேஜர் வந்ததும் அவர் மேசையில் கடிதத்தையும் வெறும் வண்டியின் எடைச் சீட்டையும் வைத்தாள்.

"சார், கல்லு எங்கயும் போகல. இல்லாத கல்லத்தான் மூணு மாசமா நான் எழுதிருக்கேன்."

அவர் சீட்டைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு. இத நீ யார்கிட்ட சொன்ன?"

"வீட்ல மட்டும்தான்."

"சரி. இப்படிப் பண்ணுவோம். ஸ்டேஷன் வேணாம். அவன் வேற எங்கயாவது வண்டி ஓட்டிப் பொழச்சுக்கட்டும். நீ புது எடைய அடிச்சிட்டுப் பேசாம இரு. உனக்கு ஞாபகம் தப்பாதுன்னு முதலாளிகிட்ட நான்தாம்மா சொல்லிருக்கேன்."

"எனக்கு ஞாபகம் தப்பல சார். அந்த எண்ணு இன்னமும் ஞாபகம் இருக்கு. வண்டிதான் மாறிடுச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன். யாருக்குத் தெரியும்?"

"அவரு என்கிட்ட சொன்னாரு சார், தகடு அடிச்சேன்னு. நான்தான் கேக்கல. திருடன்னு பேரோட வேற எடத்துல போயி யார் வண்டி குடுப்பாங்க?"

மேனேஜர் கெட்டவர் இல்லை. அன்று முழுக்க அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தார், அவ்வளவுதான். மாலையில் டீக்கடைக்கு ஆள் அனுப்பி ரேடியோவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். அக்காவை அறையிலிருந்து எழுப்பி, உள்வாசலில் நின்று வண்டி நம்பர் குறிக்கிற வேலைக்குப் போட்டார்கள். அங்கே நாற்காலி கிடையாது. ஒரு கம்பம், அதில் சாய்ந்துகொள்ளலாம். எடைமேடையில் இப்போது ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். வெறும் வண்டியைத் தினமும் எடை போடாமல் விடமாட்டாள். வரிசை பெரிய சாலை வரை போகிறது. ஆறு வருடம் அக்கா அக்கா என்றவர்கள் எல்லாம் அந்த வரிசைக்கு அக்காவைத்தான் திட்டுகிறார்கள். "சும்மா இருந்த சங்க ஊதிக் கெடுத்துட்டாங்க" என்று அவள் காதுபடவே சொன்னார்களாம். அவள் நம்பரைக் குறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ரேடியோ அவளிடம் பேசவில்லை. மற்ற எல்லோரிடமும் பழையபடி பேசினார். வாசலைக் கடக்கும்போது மட்டும் ஜன்னலை ஏற்றிவிட்டு, நேராகப் பார்த்துக்கொண்டு போவார். சாவி இல்லாத மூன்று நாளும் அவர் பிள்ளைகளை யாரும் விளையாடக் கூப்பிடவில்லையாம், டீக்கடைக்காரர் சொன்னார். அக்கா ஒரு தரம் வண்டியை மறித்து, "தப்பு என் மேலதான்" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு கியர் போட்டார். அதற்குமேல் அவள் தொந்தரவு செய்யவில்லை. "கேட்டிருக்க வேண்டியப்போ கேக்கல. இப்ப அவரு பேசணும்னு நான் எப்படிக் கேக்குறது" என்றாள்.

நான் தேர்வெழுதினேன், தேறினேன். அந்த நங்கூரச் சொல்லே கேள்வியில் வந்தது. நான்கு மாதம் கழித்துப் பட்டச் சான்றிதழ் கிடைத்தது. வேலை முடிந்து வந்திருந்த அக்காவின் கையில் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். இந்தக் கையில் ஒரு தரம், அந்தக் கையில் ஒரு தரம் வைத்துப் பார்த்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"பத்து கிலோவுக்குக் கீழ எனக்குத் தெரியாதுடா" என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள். பாதம் வீங்கியிருந்தது.

போன வாரம் நடந்ததை எழுதிவிட்டு முடிக்கிறேன். காலை வரிசையில் ரேடியோவின் லாரி வாசலுக்கு வந்தது. எப்போதும் மேலே ஏறியிருக்கும் ஜன்னல் அன்றைக்கு இறங்கியிருந்தது. அக்கா நம்பரைக் குறித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"அக்கா."

நிமிர்ந்தாள்.

"ஸ்டெப்னி டயரக் கழட்டி வீட்ல போட்டுட்டேன். நூறு கிலோ கம்மி. குறிச்சுக்கங்க."

எடைமேடையில் இருப்பது அவள் இல்லை, குறித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும். பின்னால் ஏழு வண்டி நின்றது. ஹாரன் அடித்தார்கள். அக்கா கையிலிருந்த தாளின் ஓரத்தில் அந்த லாரியின் எண்ணையும், நூறு கிலோ கம்மி என்பதையும் எழுதினாள்.

"ஏன் கழட்டினீங்க?" என்று கேட்டாள்.

"அது ஒரு பெரிய கதைக்கா" என்றார் ரேடியோ.

"சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் கம்பத்தில் சாய்ந்துகொண்டாள்.